வெளிர் பொன் நிறத்துக்குக் காய்ச்சினேன், செம்பு நிறத்தில் வந்து நிற்கிறது

கரண்டிக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் பீர் காய்ச்சுகிறேன், இது என் ஐந்தாவது ஈடு. முதல் நான்கும் ஸ்டவுட், பிரவுன் ஏல் என்று கருநிற வகைகள். கறுப்பாக வர வேண்டியது கறுப்பாக வந்தது, குடித்தோம், முடிந்தது. நிறத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய அவசியமே வரவில்லை. இந்த முறைதான் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் மின்னுகிற மாதிரி ஒரு பிளாண்ட் ஏல் செய்து பார்க்க ஆசை வந்தது. வந்த வினை இது.

செய்ததை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். 20 லிட்டர் ஈடு. லைட் என்று போட்ட மால்ட் எக்ஸ்ட்ராக்ட் பாகு (முளைகட்டி உலர்த்திய பார்லியின் சாற்றைச் சுண்டவைத்தது), 1.5 கிலோ டப்பா இரண்டு. கிரிஸ்டல் மால்ட் 200 கிராம். நிறத்துக்கும் சுவைக்கும் போடும் இந்த மால்ட்டைத் துணிப்பையில் கட்டி 67 டிகிரி செல்சியஸ் நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து எடுத்தேன். என்னிடம் இருப்பது 15 லிட்டர் பாத்திரம்தான். அதனால் 10 லிட்டர் நீரில் மொத்தப் பாகையும் ஊற்றிக் கொதிக்கவிட்டு, கடைசியில் குளிர்ந்த நீர் சேர்த்து 20 லிட்டர் ஆக்கினேன். 60 நிமிடம் கொதிக்க வேண்டியது 85 நிமிடம் ஆகிவிட்டது. இரண்டாவது ஹாப்ஸ் (கசப்புக்கும் மணத்துக்கும் போடும் பூ) பொட்டலத்தை எங்கே வைத்தேன் என்று தேடிக்கொண்டிருந்தேன். (ஃப்ரீசரில் ஐஸ் தட்டுக்கு அடியில் இருந்தது.)

தொடக்க அடர்த்தி 1.045 (தண்ணீர் 1.000), முடிவு 1.011. இரண்டும் கணக்குக்குச் சரியாக வந்தன. கணிப்பான் சொன்ன நிறம் 5.5 எஸ்.ஆர்.எம். (பீரின் நிற அளவு, எண் கூடினால் கறுப்பு). நொதிக்கவிடும் கார்பாய் ஜாடியில் முதல் வாரம் சேற்றுத் தண்ணீர் மாதிரி இருந்தது. ஈஸ்ட் அடங்க அடங்க மேலிருந்து கீழாகக் கறுத்துக்கொண்டே வந்தது. அப்போதே வயிற்றைக் கலக்கியது. பாட்டிலில் அடைத்து மூன்று வாரம் ஆகிறது. நேற்று ஒன்றைத் திறந்து கிளாசில் ஊற்றி நிற அட்டையோடு வைத்துப் பார்த்தேன். 12, 13 இருக்கும். பிளாண்ட் இல்லை, பழைய செம்புச் சொம்பு.

சுவை மோசமில்லை. லேசாக வறுத்த ரொட்டி மணம். ஆனால் நான் செய்ய நினைத்தது இதுவல்ல.

எனக்குச் சந்தேகம் கிரிஸ்டல் மால்ட் மீதுதான். குறிப்பில் 20 லவிபாண்ட் (மால்ட்டின் நிற அளவு) என்று இருந்தது. என் கையில் உள்ள பையில் வெறுமனே 40 என்று மட்டும் அச்சிட்டிருக்கிறது. தப்பான மால்ட்டைப் போட்டுவிட்டேனா?

நுரைமேகம்:

கார்பாயில் பார்த்துப் பயப்படாதீர்கள் நண்பரே, எல்லோரும் முதல் தடவை இப்படித்தான் பதறுவோம். கார்பாயின் குறுக்களவு 28, 30 செ.மீ. இருக்கும். கிளாஸ் 7 செ.மீ. ஒளி நான்கு மடங்கு தூரம் பீருக்குள் நடந்து வர வேண்டும், அதற்குள் பாதி வழியில் செத்துவிடும். பள்ளியில் பீர்–லாம்பர்ட் விதி என்று ஒன்று படித்தோமே, அதேதான். 1852இல் அதை எழுதிய ஆகஸ்ட் பீருக்கும் நம் பீருக்கும் சம்பந்தம் பெயரில் மட்டும். ஆனாலும் இந்த விஷயத்தில் அவரை நினைக்காமல் இருக்க முடிவதில்லை.

ஈஸ்ட் மிதக்கும்போது அது ஒளியைத் திருப்பி அனுப்பும், அதனால் வெளுப்பாகத் தெரியும். அது அடியில் படிந்ததும் உள்ளே போன ஒளி திரும்பாது. கறுத்த மாதிரி இருக்கும். நிஜத்தில் நொதித்து முடித்த பீர், நொதிக்கும் முன் இருந்த மால்ட் சாறான வொர்ட்டைவிடக் கொஞ்சம் வெளுப்புதான். பி.எச். இறங்குவதாலும், நிறத்தில் கொஞ்சத்தை ஈஸ்ட் தன்னோடு இழுத்துக்கொண்டு படிவதாலும் அப்படி.

கரண்டிக்காரன்:

நன்றி. கார்பாய் விஷயம் புரிந்தது, அந்தப் பயம் போய்விட்டது. ஆனால் கிளாசில் ஊற்றித்தான் 12, 13 என்கிறேன். அது கண் மயக்கம் இல்லையே.

பழையகலயம்:

தம்பி, முதலில் கிரிஸ்டல் மால்ட்டை விடுதலை செய்துவிடுவோம். பாவம், அது குற்றவாளி இல்லை.

லவிபாண்ட் என்பது ஒரு ஆளின் பெயர். ஜோசப் லவிபாண்ட், 19ஆம் நூற்றாண்டில் பீர் காய்ச்சிய ஆங்கிலேயர். வண்ணக் கண்ணாடிச் சில்லுகளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு நிறத்துக்கு எண் கொடுத்தவர். ஐரோப்பியத் தயாரிப்பாளர்கள் பையில் போடுவது பெரும்பாலும் ஈ.பி.சி. என்ற ஐரோப்பிய நிற அளவின் எண். அது லவிபாண்டைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆக உங்கள் பையில் இருக்கும் 40 ஈ.பி.சி.யாக இருந்தால் அது 20 லவிபாண்ட், குறிப்பில் சொன்னதேதான். ஒருவேளை நிஜமாகவே 40 லவிபாண்டாக இருந்தால்? கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

கிலோவை லவிபாண்டால் பெருக்கி, 8.345ஆல் பெருக்கி, லிட்டரால் வகுக்க வேண்டும். பாகு 4 லவிபாண்ட் என்று வைத்துக்கொண்டால் 3 × 4 × 8.345 ÷ 20, அதாவது 5. கிரிஸ்டல் 20 என்றால் 1.7, 40 என்றால் 3.3. மொத்தம் 6.7 அல்லது 8.3. இதை பீரின் நிறத்தைக் கணிக்கும் மோரி சூத்திரத்தில் போட்டால் (0.6859 அடுக்கு, பிறகு 1.4922ஆல் பெருக்கல்) முதலாவது 5.5, இரண்டாவது 6.4. வித்தியாசம் 1 எஸ்.ஆர்.எம். கூட இல்லை. உங்களுக்கு ஏறியிருப்பது 7. பையில் 40 என்று போட்டிருந்ததும் பீர் கறுத்ததும் காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை.

அந்தச் சூத்திரத்துக்கு இன்னொரு குணம் உண்டு. பாத்திரத்துக்குள் என்ன போனது என்று மட்டும்தான் அதற்குத் தெரியும். போன பிறகு அதை என்ன பாடுபடுத்தினீர்கள் என்று அது கேட்பதே இல்லை. நீங்கள் படுத்திய பாட்டை நீங்களே எழுதியிருக்கிறீர்கள், ஆனால் ஹாப்ஸ் தொலைந்த கதையாக எழுதியிருக்கிறீர்கள்.

3 கிலோ பாகு 20 லிட்டரில் 1.045. அதையே 10 லிட்டரில் போட்டால் 1.090. நீங்கள் கொதிக்கவைத்தது பிளாண்ட் ஏல் வொர்ட் அல்ல, பார்லி ஒயின் என்கிற கடும் பீர் வகை அளவு கெட்டியான ஒன்று. அதுவும் 85 நிமிடம், சுண்டச் சுண்ட. சர்க்கரையும் அமினோ அமிலங்களும் சூட்டில் சேர்ந்து பழுப்பாவதை 1912இல் விவரித்தவர் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீய் மெயார். ரொட்டியின் மேல்தோல் சிவப்பது, உங்கள் பீரில் வந்த வறுத்த ரொட்டி மணம், எல்லாம் அந்த வினைதான். கரைசல் எவ்வளவு கெட்டியோ அவ்வளவு வேகம். சூடு கூடினால் இன்னும் வேகம், நேரம் கூடினால் இன்னும் பழுப்பு. கடைசியில் நீர் ஊற்றினால் அடர்த்தி பாதியாகும், நிறமும் நீர்க்கும். ஆனால் கூடுதலாக உண்டான பழுப்பு எங்கும் போகாது.

கொதித்து முடித்து வடித்த பிறகு பாத்திரத்தின் அடியைப் பார்த்தீர்களா? பாகு தண்ணீரைவிடக் கனம். அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போது ஊற்றினால் நேரே கீழே போய் உட்கார்ந்து அடிப்பிடிக்கும். அப்படி இருந்தால் அதற்கும் நிறத்தில் பங்கு உண்டு.

அப்புறம் முக்கியமான கேள்வி. அந்த டப்பாக்கள் உங்களிடம் எவ்வளவு காலம், எந்த இடத்தில் இருந்தன? பாகு டப்பாவுக்குள்ளேயே கறுக்கும். அதே வினைதான், மெதுவாக. சூடான இடமென்றால் சீக்கிரம். பொடி எக்ஸ்ட்ராக்ட்டில் ஈரம் மிகக் குறைவு, அதனால் அது நிறம் மாறாமல் நெடுநாள் தாங்கும்.

சந்தேகத்தைத் தீர்க்க இன்னொரு ஈடு காய்ச்ச வேண்டியதில்லை. அதே பாகில் மிச்சம் இருந்தால் 15 கிராம் எடுத்து வெந்நீரில் கரைத்து, மொத்தம் 100 மில்லி வரும்படி செய்யுங்கள். உங்கள் ஈட்டின் அடர்த்தி அதேதான். கொதிக்கவிடக் கூடாது. ஆறியதும் ஒரு கிளாசில் ஊற்றுங்கள். பக்கத்தில் அதே அளவு கிளாசில் உங்கள் பீர், கேஸ் போகக் கலக்கிவிட்டு. பின்னால் வெள்ளைத் தாள். பாகுக் கரைசலே கறுப்பாக இருந்தால் டப்பா மேல் பழி. அது வெளுப்பாக இருந்தால் பழி உங்கள் அடுப்பின் மேல்.

சும்மாவந்தவன்:

சர்க்கரை கேரமல் ஆகிவிட்டது, அவ்வளவுதான். இதற்கு எதற்கு இவ்வளவு பெரிய கதை?

பழையகலயம்:

கொதிக்கும் வொர்ட் 100 டிகிரியைத் தாண்டி ஒன்றிரண்டு டிகிரிக்கு மேல் ஏறாது. சாதாரணச் சர்க்கரை கேரமல் ஆக 160 பக்கம் போக வேண்டும். பாத்திரத்தின் அடியில் ஒட்டிக்கொண்ட படலத்தில் வேண்டுமானால் நடக்கும். பாக்கி 10 லிட்டரில் நடந்தது வேறு. பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். கேரமல் என்று நினைப்பவர் தீயைக் குறைத்துவிட்டுத் திருப்தியாக இருப்பார், பாகை மட்டும் பழையபடி முழுவதும் ஊற்றிக்கொண்டே இருப்பார். அதனால்தான் பெரிய கதை.

லிட்மஸ்:

தண்ணீரைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. நான் வந்தாலே இதைத்தான் சொல்வேன் என்று இங்கே பழையவர்களுக்குத் தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காரத்தன்மை அதிகமான தண்ணீரில் பி.எச். மேலே நிற்கும். பி.எச். மேலே நின்றால் பழுப்பாகும் வினை வேகமெடுக்கும். தானியத்திலிருந்தே காய்ச்சுபவர்களுக்கு, உமியிலிருந்து பாலிஃபீனால்களும் (துவர்ப்பும் நிறமும் தரும் பொருள்கள்) கூடுதலாக இறங்கும். 1842இல் பில்சன் நகரத்தில் யோசெப் குரோல் பொன்னிற லாகர் பீர் காய்ச்சினார் என்றால் அதில் வெளிர் மால்ட்டுக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு அந்த ஊரின் மிக மென்மையான தண்ணீருக்கும் உண்டு. டப்ளின் தண்ணீரில் கார்பனேட் அதிகம். அங்கே கறுத்த வறுவல் மால்ட்டின் அமிலம் அதைச் சமன் செய்தது, கருநிற பீர் நன்றாக வந்தது. கரண்டிக்காரன், உங்கள் முதல் நான்கு ஈடும் கருநிறம் என்கிறீர்கள். தண்ணீரில் குறை இருந்திருந்தாலும் அதில் தெரிந்திருக்காது.

எக்ஸ்ட்ராக்ட் காய்ச்சுபவர்களுக்கு ஒரு வசதி. மேஷ் (மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்துச் சர்க்கரையை இறக்குவது) தொழிற்சாலையிலேயே முடிந்துவிட்டது, அந்தத் தண்ணீரின் உப்புகளும் பாகுக்குள்ளேயே வருகின்றன. நீங்கள் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றினால் போதும், எதுவும் சேர்க்க வேண்டாம். உங்கள் கெட்டிலின் அடியில் வெள்ளைப் படிவு கட்டுகிறதா? கட்டினால் நான் சொல்வதைக் கொஞ்சம் காதில் போட்டுக்கொள்ளுங்கள்.

கரண்டிக்காரன்:

வெட்கத்தை விட்டுவிட்டு எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன்.

பாத்திரத்தின் அடி: ஆமாம். உள்ளங்கை அளவுக்கு ஒரு கரும்பழுப்பு வட்டம். கழுவும்போது பார்த்தேன், தேய்த்தேன், நகத்தால் சுரண்டினேன். ஹாப்ஸ் கசடு என்று நினைத்துக்கொண்டேன். அடுப்பை அணைக்காமல்தான் பாகை ஊற்றினேன். கரண்டியால் கிண்டினேன், ஆனால் மேல்மட்டத்தில்.

கெட்டில்: படிவு கட்டுகிறது. மெல்லிசாக.

டப்பா: மொத்தம் மூன்று வாங்கியிருந்தேன். போன வருடம் ஒரு ஈடு போடத் திட்டமிட்டுக் கைவிட்டது. இரண்டைப் பயன்படுத்திவிட்டேன், மூன்றாவது அப்படியே இருக்கிறது. வைத்திருந்த இடம் அடுப்புக்கு மேலே உள்ள அலமாரி. எழுதும்போதே புரிகிறது, பழையகலயம் அண்ணா, திட்ட வேண்டாம்.

சோதனையைச் செய்தேன். மூன்றாவது டப்பாவைத் திறந்தேன். ஒப்பிடுவதற்காகப் புதிதாக ஒரு டப்பாவும் வாங்கினேன், அதே தயாரிப்பு, அதே லைட். தராசில் 15 கிராம், 15 கிராம். பாகை நிறுப்பது இருக்கிறதே, கரண்டியிலிருந்து நூல் மாதிரி இழுத்துக்கொண்டே வருகிறது, 15இல் நிறுத்தினால் 17 ஆகிறது. இரண்டையும் கரைத்து ஆறவைத்து, பீரோடு சேர்த்து மூன்று கிளாசை ஜன்னலோரம் வரிசையாக வைத்தேன்.

புதிய பாகு: வைக்கோல் நிறம், கொஞ்சம் மஞ்சள் கூடுதல். பின்னால் வைத்த தாளில் எழுதியிருந்ததைப் படிக்க முடிந்தது.

பழைய பாகு: தேன். சந்தேகமே இல்லை, பக்கத்தில் வைத்தால் யாருக்கும் தெரியும். அட்டையில் 8 என்று குறித்தேன். மோந்து பார்த்தால் புதியதில் தானிய மணம், இதில் உலர்ந்த பழ மணம் மாதிரி ஏதோ ஒன்று.

என் பீர்: இரண்டையும் தாண்டி, செம்பு.

ஆக டப்பா மேலும் பழி, அடுப்பு மேலும் பழி. கிரிஸ்டல் மால்ட்டிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஆடத் தெரியாதவன் கூடம் கோணல் என்ற கதையாக, முதல் ஆளாக அதைத்தான் மாட்டிவிட்டேன்.

ஒன்று மட்டும் ஒட்டாமல் நிற்கிறது. கடைசியாக அடைத்த பாட்டில், பீர் போதாமல் தோள் வரைதான் நிரம்பியது. அதை இன்று திறந்தேன். மற்றவற்றைவிடவும் கறுப்பு, செம்பின் பளபளப்பும் இல்லை, மங்கல். ஒரே ஈடு, ஒரே நாள் அடைத்தது. அது எப்படி?

நுரைமேகம்:

அது காற்று. கழுத்தில் 2, 3 செ.மீ. இடம் விட்டு நிரப்புவது வழக்கம். நீங்கள் தோளோடு நிறுத்தியதில் உள்ளே மாட்டிக்கொண்ட ஆக்சிஜன் பல மடங்கு. அது பாலிஃபீனால்களோடு சேர்ந்து பழுப்பாக்கும். கூடவே சைஃபன் குழாய் கடைசியில் காற்றை உறிஞ்சிக் களகளவென்று சத்தம் போட்டிருக்குமே? கடைசிப் பாட்டிலுக்கு எப்போதும் அந்த மரியாதைதான் கிடைக்கும். மங்கல் என்று சொன்னதை வைத்தே ஊகித்தேன். கொதியில் வரும் பழுப்பு தெளிவாக, சிவப்பு கலந்து இருக்கும். காற்றில் வரும் பழுப்பு அழுக்கு மாதிரி இருக்கும். ஹாப்ஸ் அள்ளிப் போட்ட கலங்கல் ஐ.பி.ஏ. பீர் வகைகளில் சில வாரத்தில் சாம்பல் கலந்த பழுப்பாகவே போய்விடும். நான் இரண்டு ஈடு அப்படிச் சாக்கடையில் கொட்டியிருக்கிறேன், பேச வேண்டாம்.

குடித்துப் பாருங்கள். நனைந்த அட்டைப்பெட்டி வாசம் வந்தால் உறுதி.

கரண்டிக்காரன்:

அட்டைப்பெட்டியேதான். மழையில் நனைந்து காய்ந்தது.

பழையகலயம்:

திட்டவில்லை தம்பி. அடுப்புக்கு மேல் அலமாரியில் நானும் வைத்தவன்தான்.

அடுத்த ஈட்டுக்குப் பெரிய பாத்திரம் வாங்கச் சொல்லி இங்கே யாராவது வருவார்கள். வாங்கினால் நல்லது, முழு 20 லிட்டரும் கொதிக்கலாம். வாங்காமலும் செய்யலாம். பாகில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் தொடக்கத்தில் ஊற்றுங்கள். 10 லிட்டரில் 1 கிலோ என்றால் 1.030தான் இருக்கும். ஹாப்ஸ் எல்லாம் அதில் கொதிக்கட்டும். கடைசி 10 நிமிடம் இருக்கும்போது அடுப்பை அணைத்துவிட்டு மிச்சம் 2 கிலோவை ஊற்றி, கரண்டி அடியைத் தொடும்படி கிண்டிக் கரைத்து, மறுபடி பற்றவையுங்கள். கிருமி சாக அந்தக் கொதி தாராளம். டப்பாவை முன்கூட்டியே வெந்நீரில் உட்கார வைத்தால் பாகு இளகி ஊற்ற வசதியாக இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. மெல்லிய வொர்ட்டில் ஹாப்ஸின் கசப்பு நன்றாக இறங்கும். சூத்திரங்களும் அப்படித்தான் சொல்கின்றன. பழைய அளவையே போட்டால் கசப்பு ஏறும். கசப்புக்கு என்று முதலில் போடும் ஹாப்ஸைக் கொஞ்சம் குறையுங்கள்.

இன்னும் வெளுப்பாக வேண்டுமென்றால் பாகில் 300 கிராமை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வெள்ளைச் சர்க்கரை போடலாம். நிறமே இல்லாதது. பீரின் உடல் (வாயில் உணரும் கனம்) மெலியும், பிளாண்ட் ஏலுக்கு அது கெடுதல் இல்லை. எனக்குப் பிடிக்காது, ஆனால் உங்கள் பீர்.

நேரக்கடிகாரம் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ஹாப்ஸை எடுத்து மேசையில் வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவையுங்கள்.

லிட்மஸ்:

ஆர்.ஓ. தண்ணீர்!

கரண்டிக்காரன்:

ஆறு வாரம் கழித்து வருகிறேன். ஆறாவது ஈடு தயார்.

புதிய பாகு 3 கிலோ, அதே கிரிஸ்டல் மால்ட் 200 கிராம், அதே பை. வேண்டுமென்றே மாற்றவில்லை, அதன் மேல் விழுந்த பழி முழுதாகப் போக வேண்டும் என்று. ஆர்.ஓ. தண்ணீர், லிட்மஸ் சந்தோஷப்படட்டும். ஒரு கிலோ முதலில், இரண்டு கிலோ கடைசி 10 நிமிடத்தில், அடுப்பை அணைத்து. கொதி சரியாக 60 நிமிடம். அடி சுத்தம், கழுவத் தேவையே இல்லாத அளவு. வொர்ட்டை நொதிக்கவிடும் முன்பே 100 மில்லி எடுத்துக் கிளாசில் ஊற்றிப் பார்த்துவிட்டேன், அந்த நிமிடமே நிம்மதி. பாட்டிலில் அடைக்கும்போது குழாய் நுனியை அடிவரை இறக்கி நிரப்பினேன். கடைசியில் மிஞ்சிய அரைப் பாட்டிலை அடைக்கவில்லை, அங்கேயே நின்று குடித்துவிட்டேன்.

நிறம் அட்டையில் 6. ஜன்னலோரம் தூக்கிப் பிடித்தால் விரல் தெரிகிறது.

இரண்டு விஷயம். ஒன்று, ஹாப்ஸைக் குறைக்கச் சொன்னதை மறந்துவிட்டேன். முழு அளவும் போட்டேன். முதல் வாய்க்கே நாக்கு சுருங்கியது. நிறத்தைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் கசப்பு நினைவில் இல்லை.

இரண்டாவது, இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நண்பர்கள் நான்கு பேரை உட்கார வைத்து இரண்டு பீரையும் கொடுத்தேன். எது எதுவென்று சொல்லவில்லை. மூன்று பேர் செம்பு நிறத்தைத்தான் இன்னொரு கிளாஸ் கேட்டார்கள். ஒருவர், "இதை எப்படிச் செய்தாய், மறுபடி செய்" என்கிறார். ஒரு வருடம் அடுப்புக்கு மேல் வைத்த பாகையும், அடிப்பிடித்த பாத்திரத்தையும், தொலைந்த ஹாப்ஸையும் மறுபடி எங்கே போய்த் தேடுவது?

பழையகலயம்:

அதற்காக டப்பாவை ஒரு வருடம் அலமாரியில் போட வேண்டாம். புதிய பாகு 3 கிலோ, 60 லவிபாண்ட் கிரிஸ்டல் 350 கிராம், சாக்லேட் மால்ட் (கருக வறுத்த மால்ட், சாக்லேட் கலந்ததல்ல) 350 லவிபாண்ட் அளவில் 40 கிராம். 20 லிட்டருக்குக் கணக்கு 11.5 எஸ்.ஆர்.எம். வருகிறது. பாகைக் கடைசியில்தான் ஊற்ற வேண்டும், அப்போதுதான் இந்தக் கணக்குக்குப் பக்கத்திலாவது நிற்கும். பையில் 60 என்று இருந்தால் எந்த அளவு என்று இந்த முறையாவது கடையில் கேட்டுவிட்டு வாங்குங்கள். 60 ஈ.பி.சி. என்றால் அது வெறும் 30 லவிபாண்ட். இங்கே 350 கிராம் போடுகிறீர்கள், அந்த வித்தியாசம் இந்தத் தடவை கிளாசில் தெரியும். ஹாப்ஸைக் குறையுங்கள்.